வால் நறுக்கிய வெளிச்சம்

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் மாப்பிள்ளைப் பையன் தரையிலிருந்து இரண்டு முழ உயரத்தில் நின்றுவிட்டான். யாரும் தூக்கவில்லை, கயிறும் கட்டவில்லை. அக்கா புருஷனின் ஸ்டுடியோவில், வெள்ளைத் திரைக்கு முன்னால், கல்யாண ஆல்பத்துக்காகக் கையை விரித்துக் குதித்தவன் குதித்தபடியே இருந்தான். நிச்சயமான நாளிலிருந்தே அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை என்று தெருவே கேலி செய்துகொண்டிருந்ததால், முதலில் யாருக்கும் இது புதிதாகத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஸ்டுடியோக்காரரின் பிடிவாதம். அவருடைய பிளாஷ் விளக்கைக் குறைத்து வைத்தால் வெளிச்சம் சட்டென்று மின்னி மறையும். சிதறுகிற பால்துளிகூடப் படத்தில் கூர்மையாக இருக்கும், ஆனால் படம் இருட்டு. முழு பலத்தில் வைத்தால் வெளிச்சம் தாராளம், ஆனால் வந்த வேகத்தில் போகாது. போயிட்டு வரேன் என்று சொன்ன பிறகும் வாசலில் நின்று பேசும் விருந்தாளி மாதிரி இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுவைக்கு அவர் வால் என்று பெயர் வைத்திருந்தார். அந்த வாலில்தான் துளி கலங்கிப்போகிறது. பலமும் வேண்டும், வாலும் கூடாது என்றார். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றாள் மனைவி.

அவர் பிளாஷ் பெட்டியைத் திறந்தார். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்களில் பாதியைக் கழற்றினார், மிச்சத்துக்கு வோல்டேஜை ஏற்றினார், மின்னும் கண்ணாடிக் குழாய் ஒன்று இருந்த இடத்தில் மூன்றைப் பொருத்தினார். வெளிச்சம் உச்சிக்குப் போனதும் பட்டென்று நறுக்கிவிட ஒரு சுவிட்சும் வைத்தார். திறந்த பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போய்விடும் என்பதால், இடது கையை பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார். மாதக்கணக்கில் அப்படியே நின்றதில் தெருவில் அவருக்கு மைனர் என்று பெயர் விழுந்துவிட்டது.

நறுக்கிய வால்கள் பெட்டிக்குப் பின்னால் விழுந்தன. மஞ்சளாக, வெதுவெதுப்பாக, தையல்கடைத் துண்டுத்துணி போலக் கிடந்தன. மைனர் குப்பை என்றார். மனைவி எதையும் தூக்கிப் போடாதவள். பெருக்கி அள்ளி ஒரு பழைய தலையணை உறையில் திணித்து, மழைக்காலத்தில் ஈரத் துணிக்கு நடுவே வைத்துக் காயவைத்துக்கொண்டாள்.

படங்கள் பிரமாதமாக வந்தன. முதலில் எடுத்த பால்துளி, படம் எடுத்து முடிந்த பிறகும் கீழே விழவில்லை. அடுத்து எடுத்த ரப்பர் பந்தும் விழவில்லை. படம் கூர்மையாக இருக்கும்போது விழாததைப் பற்றி மைனர் ஏன் கவலைப்படப் போகிறார்? ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனுஷனைக் கடித்த கதையாக மைத்துனன் மாட்டினான்.

நாலு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். பேண்ட்தான் கிழிந்தது. சாப்பாடு, சவரம் எல்லாம் மேலேயே நடந்தது. பையனும் முதலில் குஷியாகத்தான் இருந்தான்.

"அத்தான், இங்கேர்ந்து பாத்தா உங்க வழுக்கை அம்சமா தெரியுது" என்றான்.

செய்தி கேட்டு மணப்பெண் வந்தாள். சுற்றி வந்து பார்த்தாள். "கீழ வந்தா கல்யாணம். காலம் பூரா ஸ்டூல் போட்டு ஏறி நின்னு சண்டை போட என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். பையன் அழுதான். அந்தக் கண்ணீர் மட்டும் ஒழுங்காகத் தரையில் விழுந்தது.

"என் தம்பி கால் தரையில படற வரைக்கும் உங்ககூட எனக்குப் பேச்சே இல்ல" என்றாள் மனைவி. மைனர் மறுபடி மறுபடி பிளாஷ் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு அடிக்கும் பையன் சுவரில் அறைந்த ஆணியாக இறுகினான். மைனருக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. தன் கெட்டிக்காரத்தனத்தை முதன்முறையாக வெறுத்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், தம்பிக்குத் துவைத்து மாட்டிவிட்ட சட்டையில் ஈரம் காயவில்லை என்று, மனைவி தலையணை உறையைக் கொண்டுவந்து அவன் தோளில் வைத்தாள். அவன் ஒரு சாண் இறங்கினான்.

"அக்கா! இறங்குறேன்க்கா!"

நறுக்கிய வால் திரும்பச் சேர்ந்தால்தான் குதித்த குதி முடியும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. உறையை அவிழ்த்து, வால்களை ஒவ்வொன்றாக அவன் தோளில் போட்டாள். பேச்சு இல்லையென்று சொல்லியிருந்ததால் கேமரா ஸ்டாண்டைப் பார்த்து, "குப்பைன்னு சொன்னது யாருன்னு கேளு" என்றாள். மைனர் குனிந்து, கீழே சிதறிய வால்களைப் பொறுக்கிக் கொடுத்தார். பையன் இறங்கி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. வரவழைத்திருந்த மணப்பெண் அவன் செருப்புக்கு அடியில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. சரி என்றாள். கல்யாணம் நடந்தது; இன்றுவரை இருவரும் நேருக்கு நேர் நின்றுதான் சண்டை போடுகிறார்கள்.

மறுவாரம் மைனர் பழையபடி மாற்றிவிடலாம் என்று பெட்டியைத் திறந்தார்.

"அத அப்படியே வைங்க" என்றாள் மனைவி. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் பகலில் கால் நீட்டி உட்கார்ந்ததில்லை, அலுத்துப்போயிருந்தாள். கடைக் கதவைச் சாத்தினாள், தலையை வாரிக்கொண்டாள், ஒரு வாரப் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு வெள்ளைத் திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"குதிக்கிறேன். எடுங்க."

"வாலோடயா, வால் இல்லாமலா?"

யோசித்தாள். "இல்லாமயே எடுங்க. பசங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துக்குப் பாத்து வாலை எடுத்து எம்மேல போடுங்க."

அன்றிலிருந்து மதிய நேரத்தில் ஸ்டுடியோவுக்குப் படமெடுக்க வருகிறவர்கள், அந்தரத்தில் கால் நீட்டிப் படித்துக்கொண்டிருப்பவளின் காலில் தலை இடிக்காமல் குனிந்து போகப் பழகிவிட்டார்கள். வீட்டிலிருந்து யாராவது வந்து கத்திரிக்கோல் எங்கே, சாவி எங்கே என்று கேட்டால், அவ்வளவு உயரத்தில் காது கேட்காது என்று மைனர் சொல்லிவிடுவார். பிறகு அவரே போய் இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அலமாரிகளைத் துழாவுவார்.