இடது கணுக்கால்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்ப் பட்டியலிலிருந்து பிறந்தது. பட்டியலை எழுதியவன் நான்தான். அமெரிக்காவின் மிசௌரியில் ஒரு கூடைப்பந்து அணியில், எந்த ஆட்டக்காரருக்கு என்ன காயம் என்று எழுதிக் கையெழுத்திட்டு, போட்டிகளை நடத்தும் லீகுக்கு அனுப்புவது பதினொரு வருஷமாக என் வேலை.

புள்ளிக் கணக்கில் கடைசியில் கிடக்கும் அணிக்குத்தான் ஜூனில் நல்ல இளம் ஆட்டக்காரரை முதலில் எடுக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் மார்ச் வந்தால் நாங்கள் தோற்கப் பாடுபடுவோம். லீக் சும்மா இருக்குமா? நன்றாக இருப்பவரை உட்கார வைத்தால் அபராதம் என்றது. உடனே எங்களுக்குக் காயங்கள் தேவைப்பட்டன. எத்தனை முழங்கால்களை வீங்க வைத்திருக்கிறேன், அடேயப்பா!

2

தொடக்கத்தை இப்படி வைத்துப் பார்த்தேன்:

"பனி கொட்டிய ஒரு ஞாயிறு மதியம், ஒடெல் தனியாக"

சே. அன்று பனியே இல்லை. நல்ல வெயில்.

ஒடெல் ப்ரூவிட்டுக்கு முப்பத்திரண்டு வயது. பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்தவன். அன்று பத்தாம் நாள். நன்றாக ஆடினால் வேறு ஏதாவது அணி கூப்பிடும், இல்லாவிட்டால் வீடுதான். சொதப்புவான் என்று நம்பித்தான் பயிற்சியாளர் ஹாலோரன் அவனை இறக்கினார். பாவி, வரிசையாக ஆறு பந்தைக் கூடைக்குள் போட்டான். எங்கள் ஊர்க் கூட்டமே அவனை ஏசியது.

"யோவ், அறிவிருக்கா? தோக்க விடுய்யா!"

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அவன்மேல் இரக்கம் வரட்டும் என்று இதைச் சேர்க்கவில்லை. மொத்த அரங்கத்திலும் கைதட்டியது ஒரே ஆள். அது நானில்லை.)

3

ஹாலோரன் அவனை வெளியே இழுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"வெண்டல், இவனை ஏன் வெளிய எடுத்தேன்னு லீக்ல கேப்பாங்க. கணுக்கால் சுளுக்குன்னு எழுது."

"எந்தக் காலு சார்?"

"உனக்குப் புடிச்ச காலு."

இங்கே நான் பேனாவை வீசிவிட்டு எழுந்து போவதாக ஒரு முடிவு வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டேன். அப்படிப்பட்ட வெண்டலை எனக்குப் பழக்கமில்லை. இடது என்று எழுதினேன்.

ஒன்பது நாள் என்னோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டவன் ஒடெல். என் மனைவி போன பிறகு வேறு யாரும் அப்படி உட்காரவில்லை. அதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் இங்கே எழுதிவிட்டேன்.

4

இந்தப் பகுதிக்கு எண் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒடெல்.

"அண்ணே, மேற்கே ஒரு டீம்ல நாளைக்கு வந்து ஓடிக் காட்டச் சொல்றாங்க. இடது கணுக்கால் சுளுக்குன்னு எழுதியிருக்கீங்களாமே?"

"ஆமாடா."

"ரெண்டே நாள்ல வலியில்லாம ஓடினா அது பொய்னு தெரிஞ்சிடும்ல? கையெழுத்து உங்களோடதுதானே. வேலை போயிடுமே அண்ணே."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நொண்டிட்டே ஓடவா?"

அவன் திட்டியிருந்தால் தேவலை. நிஜமாகத்தான் கேட்டான். நொண்டினால் அவனுக்கு அந்த வேலை கிடைக்காது, அதுவும் அவனுக்குத் தெரியும்.

மூன்று முடிவு எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் நான் "நல்லா ஓடுடா" என்று பளிச்சென்று சொல்கிறேன். உண்மையில் "ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லி, போனை மேசைமேல் வைத்துவிட்டு, உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவன் இன்னும் லைனில்தான் இருக்கிறான். "அண்ணே, இருக்கீங்களா?" என்கிறான்.

நீங்களாவது எடுத்துப் பேசுங்கள்.