கடைசி பெஞ்சுக்கு அடியில்

பஸ்ஸுக்கு அடியில் கோணியை விரித்து மல்லாந்து படுத்திருந்தார் அர்த்தநாரி. முன்சக்கரத்திலிருந்து பின்பக்கமாக, சாணுக்கு ஒரு தட்டு என்று சுத்தியால் தட்டிக்கொண்டே நகர்ந்தார். நல்ல இரும்பைத் தட்டினால் 'கிண்' என்று பதில் வரும். சுத்தியும் ஒரு துள்ளு துள்ளித் திரும்பும். துரு தின்ற இரும்பு அடியை வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கும். கடைசி பெஞ்சின் காலடிக்கு நேர் கீழே வந்ததும் சுத்தி துள்ளவில்லை. 'தொப்' என்றது. இன்னொரு தட்டுக்கு முகமெல்லாம் செந்தூள் கொட்டியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு துப்பினார்.

பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. கண்டக்டர் சின்னராஜ்.

"ஏனுங் ஆசாரியாரே, நோவு எங்கீன்னு தெரிஞ்சுதுங்களா?"

"நோவெல்லாம் முடிஞ்சு போச்சு சின்னராசு. இது பொணம்."

"ஐயோ! நான் தினம் நிக்கிற எடமுங்க அது."

"அதான் சொல்றேன். தள்ளி நில்லு."

யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோலுக்குக் கூப்பன். ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் நடுவே ஓடும் இந்தப் பஸ்ஸும் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகையில்தான் ஓடியது. லாரிகள் முடங்கிவிட்டதால் சந்தைக்கு முந்தின நாள் சேலம் கூட்ஸ் ஷெட்டிலிருந்து உப்பு மூட்டைகளும் இதிலேதான் வந்தன. அவற்றைக் கடைசி பெஞ்சின் காலடியில் அடுக்குவார்கள். உப்பு சும்மா இருக்காது. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தானும் கசியும். அந்தத் தண்ணீர் தகரத்தின் மேலே நின்றால் துடைத்துவிடலாம். அது மடிப்புக்குள் இறங்கி, தகரமும் அடியிலிருக்கும் குறுக்குச் சட்டமும் ஒட்டுகிற இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். வெளியே பார்த்தால் சாயம் பளபளக்கும். உள்ளே இரும்பு அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உரியும்.

தகரம் போனால் பெரிய சங்கதியில்லை. நல்ல இரும்பு தெரிகிற மட்டும் வெட்டி எடுத்து, புதுத் தகரத்தை இரண்டு விரற்கடை மேலே ஏற்றிப் போட்டு ஆணி அறைந்து மடக்கிவிடலாம். ஆனால் ஆளின் பாரத்தைத் தாங்குவது தகரமல்ல, சட்டம். மொத்தம் நாலு சட்டம். மூன்று சரியாக இருந்தன. நாலாவதை அர்த்தநாரி கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. அதற்கு ஒரு முழம் கீழேதான் பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாப்ட்டு ஓடுகிறது.

முதலாளி மயில்சாமிக் கவுண்டர் குடையை ஊன்றிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தார்.

"என்ன ஆசாரி, நாளைக்கு முடிஞ்சிருமா? வியாழக்கிழமை அஸ்தம்பட்டியில பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியப் பாத்துச் சர்ட்டிபிகேட்டு எழுதறாரு. தப்புனா அடுத்த மாசந்தான்."

"தகரம் முடிச்சிருவனுங்க. சட்டம் ஒண்ணு மாத்தோணும். அஞ்சடி ஆங்கிள் வேணுமுங்க."

"இரும்புக்குப் பர்மிட்டு வாங்கறதுக்குள்ள யுத்தமே முடிஞ்சிரும்."

அர்த்தநாரி நேற்றே யோசித்து வைத்திருந்தார். "தோட்டத்துக் கேட்டுல நல்ல ஆங்கிளா ரெண்டு இருக்குதுங்க. ஒண்ணக் கழட்டிக் குடுத்தீங்கன்னா ரெண்டு நாள்ல..."

கவுண்டர் சிரித்துவிட்டார். "பஸ்ஸுக்கு ஓசரம் என்ற கேட்டக் கழட்டறதா? மாடு ரோட்டுக்குப் போயிருமேப்பா!"

"இன்ஸ்பெக்டரய்யா பிரம்புல தட்டிப் பாப்பாருங்க." வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அர்த்தநாரிக்கு நிறுத்த வராது. "சட்டம் செத்திருந்தா மேல எத்தன புதுத் தகரம் போட்டாலும் சத்தம் காட்டிக் குடுத்துரும். தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவால புளியம்பலகை ஒண்ண இறுக்கி முட்டுக் குடுத்தாத்தான் கெட்டியாக் கேக்கும். அதுவும் ஒரு மழைக்கு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்பப் பலகையக் குடு," என்றார் கவுண்டர்.

"அது நிக்காதுங்க. ஈரத்துல ஊறிச் சுருங்குச்சுன்னா ஆள் காலு நேரா ஷாப்ட்டுக்குப் போயிருமுங்க."

"ஆசாரி, பின்னால நீ குடியிருக்கற ஊடு ஆரூட்டுது?"

"உங்களுதுங்க."

"வேற ஆளு வந்தா அவனும் எங்கியாச்சும் குடியிருக்கோணுமல்ல?" கவுண்டர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வீடு ஷெட்டின் பின்சுவரோடு ஒட்டிய ஒற்றை அறை. அர்த்தநாரியின் மனைவி பாவாயி களியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நடந்ததை அவர் சொல்லி முடித்தார்.

"பலகைன்னு நீங்க எதுக்குச் சொன்னீங்க?"

"வேலை எப்பிடின்னு கேட்டாச் சொல்லாம இருக்க முடியுமா?"

"அவரு கேக்கவே இல்லியே."

அவர் களியில் விரல் போட்டபடி இருந்தார்.

"சரி, முடியாதுன்னு சொல்லீட்டு வாங்க. சட்டி பானையக் கட்றேன்," என்றாள். களிச்சட்டியை மூடிவிட்டு, "எங்க போறதுன்னு மட்டும் சொல்லீருங்க," என்றாள்.

விடிந்ததும் அவர் ஷெட்டுக்குத்தான் போனார். காலித் தார் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து, மல்லாத்தி, மரச்சுத்தியால் அடித்துச் சமமாக்கினார். பழைய தகரத்தை உளியால் வெட்டி எடுத்தபோது அது சத்தமே போடவில்லை. பலகையை இழைத்து, ஓரத்தைச் சரித்து, செத்த சட்டத்தின் மேல் வைத்து அடித்து இறக்கினார். மேலே புதுத் தகரம். நாலு விரற்கடைக்கு ஓர் ஆணி. ஆணி பிடிப்பதற்கு அந்தச் சட்டத்தில் ஒன்றுமில்லை என்பதால் பலகையிலேயே திருகாணி ஏற்றினார். கடைசியாக ஒரு கை தார் பூசினார். எழுந்து நின்று தட்டினார். 'கிண்' என்றது. இன்னும் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார்.

வியாழக்கிழமை அஸ்தம்பட்டி மைதானத்தில் ஒன்பது பஸ்கள் வரிசையாக நின்றன. இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் பிரம்பால் தட்டிக்கொண்டு வந்தார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. அந்த ஜில்லாவில் பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தரையில் வேலை நடந்திருந்தால், வேலை செய்தவனையே அதன் மேல் நிற்கவைத்துப் பஸ்ஸை மைதானத்தைச் சுற்றி ஓட்டச் சொல்வார். பள்ளத்தில் இறங்கும்போது அவன் குதிக்க வேண்டும்.

கடைசி பெஞ்சின் காலடியில் பிரம்பு தட்டியது. கெட்டியாகக் கேட்டது.

"யாருய்யா செஞ்சது? ஏறி நில்லு."

கவுண்டர் அர்த்தநாரியின் காதுக்கருகே குனிந்தார். "மூணாவது சட்டத்து மேல நில்லு. எங்கீன்னு ஒனக்குத்தான் தெரியுமே." அவரும் உள்ளே ஏறி இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பஸ் நகர்ந்தது. கரிப்புகை உள்ளே அடித்தது. மூன்றாவது சட்டம் பெஞ்சுக்கு இரண்டு முழம் முன்னால். அர்த்தநாரி அதன் மேல் நின்றார். கட்டைவிரல் உள்ளே போனது நினைவுக்கு வந்தது. உடைந்தால் இப்போதே, ஆளில்லாத வண்டியில், தன் காலடியிலேயே உடையட்டும். பெஞ்சுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடி இருந்தால் கெண்டைக்காலோடு நின்றுவிடும், ஷாப்ட்டு வரை எட்டாது என்று கணக்குப் போட்டார். அப்புறம் ஓர் அடி பின்னால் வைத்தார். நாலாவது சட்டம், நட்டநடு.

கவுண்டரின் முகம் மாறியது.

பள்ளம் வந்தது. குதித்தார். தகரம் 'கிண்' என்றது. அடுத்த பள்ளத்தில் இரண்டு காலையும் சேர்த்து, குதிகால் முதலில் இறங்கும்படி குதித்தார். மூன்று வருஷத்துக்கு முன்பு தைத்த சட்டை கப்பல் பாய் மாதிரி எழும்பி எழும்பி அடங்கியது. உப்பு மூட்டையென்றால் இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்க முடியும். அவரைச் சின்னராஜ் ஒற்றையாளாகத் தூக்கிவிடுவான். மறுபடியும் குதித்தார். பலகை நெளியக்கூட இல்லை.

"போதும்," என்றார் இன்ஸ்பெக்டர். பஸ் நின்றது. நின்ற பஸ்ஸிலும் அர்த்தநாரி குதித்தார்.

"போதும்கிறேன்! ஆளா மாடா நீ?"

"ஐயா, இன்னொருக்காப் பாத்தர்லாமுங்க. அடியில வந்துங்க..."

"ஆசாரிக்குத் தன் வேலை மேல அத்தனை பெருமைங்க," என்று கவுண்டர் பெரிதாகச் சிரித்தார். டிரைவரும் சிரித்தார். இன்ஸ்பெக்டரின் உதட்டிலும் சிரிப்பு வந்தது. வெளியே இன்னும் ஐந்து பஸ்கள் காத்திருந்தன. அவர் பைக்குள்ளிருந்து சர்ட்டிபிகேட்டுக் காகிதத்தை எடுத்தார். வைத்து எழுத இடம் தேடினார்.

"குனி."

அர்த்தநாரி குனிந்தார். காகிதம் முதுகில் வந்து படுத்தது. முழுசாகக் காயாத தாரில் அவருடைய பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, விரல் எது குதிகால் எது என்று தெரியாமல் குழம்பிக் கிடந்தன. வேர்வையில் நனைந்த சட்டையைத் தாண்டி பேனா முனை உறைத்தது. அது முதுகெலும்பின் மேடு ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கியது.

"ஆடாம நில்லுய்யா," என்றார் இன்ஸ்பெக்டர். "எழுத்துக் கோணுது."