வலப்பக்கம் போன அட்டை

நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிப் பார்க்கிறேன். என் கோபம் நியாயமானதா, வெறும் திமிரா என்று அப்போதாவது எனக்குத் தெரியட்டும்.

எங்கள் சபையின் பின்சுவரில் ஒரு பலகை இருக்கிறது. இடப்பக்கம் ஜெப விண்ணப்பங்கள். வலப்பக்கம் பதில் கிடைத்தவை. ‘வெர்னான் ஸ்டில்ட்னர், சிறுநீரகம்’ என்று எழுதிய அப்பாவின் அட்டை போன குளிர்காலத்திலிருந்து இடப்பக்கம் இருந்தது. டயாலிசிஸ் நிலையம் மலைக்கு அந்தப் பக்கம். அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எனக்குப் பகலில் மரக்கடையில் வேலை, மாலையில் கல்லூரி வகுப்பு. இனி ஒரு நாள் லீவு எடுத்தாலும் வேலை போய்விடும். அதனால் சபையின் ஆண்கள் முறைவைத்து அப்பாவைக் கூட்டிப் போனார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பனியிலும் வந்தார்கள்.

போன ஞாயிறு, கர்த்தர் செய்த நன்மைகளை எல்லார் முன்னும் சொல்லும் சாட்சி நேரத்தில் அம்மா எழுந்தாள். "என் வீட்டுக்காரருக்குச் சுகம் கெடச்சாச்சுன்னு விசுவாசிக்கிறேன்" என்றாள். எங்களிடையே இது வழக்கம்தான். கர்த்தர் வாக்குக் கொடுத்ததைக் கைக்கு வந்ததாகவே சொல்லுவோம். அது பொய் அல்ல என்றுதான் நானும் வளர்ந்தேன். சபையே ஆமென் என்றது. போதகர் பிரதர் ட்வைட் தானே நடந்துபோய் அட்டையைக் கழற்றி வலப்பக்கம் குத்தினார். நானும் கைதட்டினேன்.

திங்கட்கிழமை அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக யாரும் வரவில்லை.

நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது அப்பா கோட்டைப் போட்டபடி வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அப்படியே. கால் வீங்கி பூட்ஸின் கயிறு கட்ட முடியாமல் தொங்கியது. பேச மூச்சு போதவில்லை. அம்மா சமையலறையில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தாள். நான் எதையும் கேட்காமல் அவரைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியில் அப்பா மெல்லச் சொன்னார்: "நான் சுகமாயிட்ட விஷயம் ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. என் கிட்னிக்குத்தான் யாரும் சொல்லல போல."

அங்கே அவசரமாக டயாலிசிஸ் செய்து மறுநாள் இரவு வீட்டுக்கு அனுப்பினார்கள்; அடுத்த முறை வெள்ளிக்கிழமை. புதன்கிழமை வகுப்பை விட்டுவிட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். விண்ணப்பம் உண்டா என்று பிரதர் ட்வைட் கேட்டதும் எழுந்தேன்.

"திங்கக்கிழம யாரோட முறை?"

எல்டன் கையை உயர்த்தினார். ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"என்னோடதும்மா. ஆனா உங்கம்மா சாட்சி சொல்லிட்டாங்களே. அதுக்கப்புறமும் நான் வந்து வாசல்ல ஹாரன் அடிச்சா, உங்க சாட்சிய நம்பலைன்னு சொன்ன மாதிரி ஆகாதா?"

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே."

"கேட்டாலும் அதே அர்த்தம்தானே?"

சுற்றிலும் தலைகள் ஆடின. யாரும் யாரிடமும் பேசி முடிவு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக, பக்தியோடு, என் அப்பாவைக் கைவிட்டிருக்கிறார்கள்.

"சிஸ்டர் ஜனெல்," என்றார் போதகர், "வாயால கட்டினத வாயாலயே இடிக்காதீங்க."

"நான் எதையும் இடிக்கல பிரதர். வண்டி ஓட்ட ஆள் கேக்கிறேன்."

"உட்காருடி," என்றாள் அம்மா. "மானத்த வாங்காத."

நான் உட்காரவில்லை. பலகைக்குப் போய் அப்பாவின் அட்டையைப் பிடுங்கி இடப்பக்கம் குத்தினேன். அது கோணலாகத் தொங்கியது.

"இது அவிசுவாசம்," என்றாள் பியானோ வாசிக்கும் நாடீன்.

"சரி, எனக்கு அவிசுவாசம். விசுவாசம் இருக்கிறவங்க யாராவது வெள்ளிக்கிழம வண்டி ஓட்டுங்க."

அம்மா எழுந்து வந்தாள். அட்டையைத் திரும்ப வலப்பக்கம் வைக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். விடக் கூடாது என்று பலகையை மறைத்து நின்றேன்.

"நான் பொய் சொல்லலடி."

"நீ சொன்னேன்னு நான் சொல்லலம்மா."

"அன்னிக்கு காலையிலேருந்து போனை எடுத்தெடுத்து வச்சேன். கூப்பிட்டா கர்த்தர் வாக்க நம்பாத மாதிரி ஆயிடுமோன்னு பயம். உங்கப்பா மூச்சுத் திணறுறார், நான் போனைப் பாத்துட்டு நிக்கிறேன்." அவள் போதகர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை எனக்குத் தெரியும், அது என்னுடையதேதான். "கூட இருப்பேன்னும் கர்த்தர் சொல்லியிருக்கார் பிரதர். நான் அதைத்தானே மொதல்ல கேட்டிருக்கணும்? நீங்களாவது அதைச் சொல்லியிருக்க வேண்டாமா?"



அம்மா கோணலாக இருந்த அட்டையை நேராக்கி, இடப்பக்கத்திலேயே, ஊசியைக் கட்டைவிரலால் ஆழமாக அழுத்தினாள்.

"வெள்ளிக்கிழம காலையில வந்துடறேன்," என்றார் எல்டன். "அப்படியே உங்க பொண்ணு வாய்க்கும் ஒரு அட்டை எழுதிப் போடுங்க. அதுக்கும் ஜெபிப்போம்."

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கோபம் இரண்டு நாளாகியும் தணியவில்லை. வெள்ளிக்கிழமை விடியும் முன்பே எழுந்து சமையலறையில் நின்றேன். முழங்காலில் நிற்க மனம் வரவில்லை. நின்றபடியே ஆண்டவரிடம் பேசினேன்: கைவிடமாட்டேன் என்று சொன்னது நீர்தான். நாங்களாக இட்டுக்கட்டவில்லை. திங்கட்கிழமை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நீர் இருந்தீரா, இல்லையா?

இப்படிக் கேட்பது பாவமோ, எனக்குத் தெரியாது. இதை வேறு யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வாசலில் ஹாரன் அடித்தது. அம்மா அப்பாவின் போர்வையை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்க ஓடினாள்.