சிலுவையைத் தூக்குவதற்குள்

“இன்னும் எத்தனை பக்கம்?”

ஜெபமாலையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே கேட்டாள் கிரிசாந்தா அம்மாள். ஊரில் யார் இறந்தாலும் ஒன்பது நாள் ஜெபம் சொல்ல வருகிறவள் அவள்தான். அவள் சிரித்துப் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை.

நெரைடா கையிலிருந்த தடித்த புத்தகத்தின் கடைசித் தாள்களை விரல்களுக்கு இடையே பிடித்துப் பார்த்தாள். சுண்டுவிரல் கனம்கூட இல்லை.

“ஒரே ஒரு அத்தியாயம்தான்மா. கடைசி.”

“ஜெபத்துக்கு முன்னாடி வாசிப்பியா, பின்னாடியா?”

“எப்பவும் போலப் பின்னாடிதான்.”

“நல்ல பொண்ணு! இன்னைக்கு ஒன்பதாம் நாள். ஜெபம் முடிஞ்ச கையோட சிலுவையைத் தூக்கணும். தூக்கிட்டா உங்கப்பா கிளம்பிடுவாரு. அப்புறம் யாருக்கு வாசிப்ப, சுவத்துக்கா?”

காலையிலிருந்து நெரைடாவை அரித்துக்கொண்டிருந்ததும் அதுதான்.

கூடத்தில் அப்பாவின் சவப்பெட்டி இருந்த இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட சிலுவை அப்படியே இருந்தது. சுற்றிலும் வெள்ளை லில்லிப் பூக்கள், மூலைக்கொரு மெழுகுவத்தி. அந்தச் சிலுவை தரையில் இருக்கும் வரை செத்தவர் வீட்டைவிட்டுப் போகமாட்டார். ஒன்பதாம் நாள், அதற்கென்று அழைக்கப்பட்ட ஞானத்தந்தை தலை, கை, கால் என்று பகுதி பகுதியாக அதைத் துடைத்தெடுத்துப் பெட்டியில் போடுவார். மறுநாள் அது கல்லறைக்குப் போய்விடும்.

அப்பா ஃபிதென்சியோ பஸ் டிரைவர். எட்லாவிலிருந்து ஓஹாக்கா நகரத்துக்குப் போகும் பஸ். வழியில் ஒரு நடுநிலைப் பள்ளி. காலையிலும் மாலையிலும் அவர் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் ஒரு கதைப் புத்தகத்தைப் பற்றியே சண்டை போடுவார்கள். ஒருநாள் சண்டை முற்றி, ஒரு புத்தகப்பை பறந்து வந்து அவர் பிடரியில் விழுந்தது. பஸ்ஸை ஓரங்கட்டித் திரும்பினார்.

“யாரு அந்தத் தெர்வோ? எந்த ஸ்டாப்புல ஏறுறான்? இன்னையிலேர்ந்து அவன் என் பஸ்ல ஏறக்கூடாது!”

பஸ்ஸே சிரித்தது. அடுத்த ஞாயிறு அவர் சந்தைக்குப் போய், தக்காளியோடு முதல் பாகத்தையும் வாங்கிவந்தார்.

பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு எழுதிய மாயக்கதை அது. ஒரு மலைநாட்டில் காற்றையெல்லாம் பிடித்து வெண்கல மணிகளுக்குள் அடைத்துவிடுகிறாள் ஒரு ராணி. மணியடிக்கும் சிறுமி ஓரியா அதை விடுவிக்கப் புறப்படுகிறாள். அவளுக்குத் துணையாக வருகிறவன்தான் தெர்வோ. நினைத்தால் ஓநாயாக மாறக்கூடியவன். அவளைக் காட்டிக்கொடுப்பதாக ராணியிடம் சத்தியம் செய்திருப்பவனும் அவனே. காட்டிக்கொடுப்பானா, மாட்டானா? பாகம் பாகமாக அதே கேள்வி.

துரோகி என்றது பிள்ளைகள் கட்சி. யரெட்ஸி என்கிற பதின்மூன்று வயதுக்காரி அதற்குத் தலைவி. எதிர்க்கட்சியில் அப்பா ஒருவர்தான்.

“இவ்வளவு தூரம் கூடவே நடந்து வந்தவன் எப்படிம்மா காட்டிக்குடுப்பான்?”

“காட்டிக்குடுக்கத்தானே மாமா கூட வர்றான்!”

தோற்றவர் பஸ் முழுக்க ஐஸ் வாங்கித் தருவதாகப் பந்தயம்.

இறுதிப் பாகம் வெளிவந்தபோது அப்பா படுக்கையில் இருந்தார். நுரையீரல் ஒத்துழைக்கவில்லை. மருந்துக்கடை வேலையிலிருந்து மதியம் வந்து நெரைடா வாசித்துக் காட்டுவாள். அவளுக்கு அந்தக் கதையில் பெரிய பிடிப்பு ஒன்றும் கிடையாது. அப்பாவுக்கு முடிவு தெரிந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அவர் உடம்பு இறங்கிய வேகத்தைப் பார்த்துப் பயந்து, ஒருநாள் ஓர் அத்தியாயத்தை அப்படியே தாண்டினாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் கேட்டார்:

“குதிரை எங்க போச்சு?”

“எந்தக் குதிரைப்பா?”

“ஓரியா குதிரை மேல இருந்தா. இப்போ படகுல இருக்கா. குதிரையை ஆத்துல தள்ளி விட்டுட்டாளா? திருட்டுப்பய மகளே, பின்னாடி போ.”

யாரைத் திட்டுகிறோம் என்பது அவருக்கே உறைத்துச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. அவள் பின்னாடி போனாள்.

அப்படிப் பின்னாடி போய் வாசித்துக்கொண்டிருந்த ஒரு மதியத்தில்தான் அவர் போனார். மூக்குக்கண்ணாடி போட்டபடி, முகத்தை அவள் பக்கம் திருப்பியபடி. அவள் அரைப் பக்கம் கூடுதலாக வாசித்துவிட்டுத்தான் கவனித்தாள்.

முதல்நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் சூடான சாக்லேட் பானமும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நெரைடா சிலுவைக்கு அருகே ஸ்டூலைப் போட்டு மெல்லிய குரலில் விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். கிரிசாந்தா அம்மாள் கப்பைக் கீழே வைத்தாள்.

“ஜெப வீட்டுல ஓநாய்க் கதையா?”

“அவரு இன்னும் இங்கதான் இருக்காருன்னு நீங்கதானேம்மா இப்போ சொன்னீங்க?”

கிரிசாந்தா அம்மாள் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாள் பள்ளிச் சீருடையோடு பஸ் பிள்ளைகள் வந்தார்கள். ஜெபத்துக்கு வாயசைத்துவிட்டுக் கதைக்குச் சப்பணம் போட்டார்கள். கிரிசாந்தா அம்மாளும் ஒருநாள், “அந்தப் பொண்ணு ஏன் பாலத்து வழியா போகல? புத்தி வேண்டாம்?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். இன்னொரு நாள் மன்றாட்டு சொல்லும்போது, “ஃபிதென்சியோவின் ஆன்மாவுக்காக... வழியில் இருக்கும் ஓரியாவுக்காக...” என்று சொல்லிவிட்டாள். பழக்கத்தில் கூடமே “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. யரெட்ஸி வாயில் சால்வையை அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

இன்று ஞானத்தந்தையாக வந்திருந்தவர் எலாதியோ. அப்பாவோடு அதே தடத்தில் பஸ் ஓட்டியவர். கையில் புதுத் துடைப்பமும் மரப்பெட்டியும் வைத்துக்கொண்டு வாசலையும் கடிகாரத்தையும் பார்த்தபடி இருந்தார்.

“கடைசி வண்டி நான்தான் எடுக்கணும். சட்டுபுட்டுன்னு முடிச்சா நல்லது.”

“கதை இருக்கே மாமா,” என்றாள் நெரைடா.

“தூக்கிட்டு வாசிச்சுக்கயேன்.”

“தூக்கிட்டா அவரு இல்லையே.”

“அதுக்காகப் பஸ்ஸை நிறுத்த முடியுமா? ஃபிதென்சியோவுக்கே பிடிக்காது.”

“ஃபிதென்சியோ ஒரு புத்தகப்பைக்காகப் பஸ்ஸை நிறுத்தின ஆளு,” என்றாள் கிரிசாந்தா அம்மாள். “உக்காருய்யா. ஜெபம் எப்போ முடியுதுன்னு சொல்ல வேண்டியது நான்.”

ஜெபம் நடந்தது. சாம்பிராணிப் புகை அப்பாவின் படத்தை மறைத்து விலகியது. படத்தின் முன்னால் அவருடைய மூக்குக்கண்ணாடி கைகளை மடித்துக்கொண்டு கிடந்தது. கடைசிக் கர்த்தர் ஜெபம் வந்தது. ‘தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும்’ வரை வந்த கிரிசாந்தா அம்மாள் அங்கேயே நின்றாள். ஆமென் சொல்ல வாய் திறந்தவர்களைக் கையமர்த்தினாள்.

“ஆமென் இன்னும் சொல்லல. சொல்ற வரைக்கும் ஜெபம் முடியல. நீ வாசி.”

நெரைடா வாசித்தாள்.

பெரிய மணிக்கூண்டின் உச்சியில் ஓரியா தொங்கிக்கொண்டிருந்தாள். கீழே ராணியின் படை. கூண்டுக்குள் தெர்வோ மட்டும். கையில் கத்தி, எதிரே கயிறு. கயிற்றை இழுத்தால் மணி உடைந்து காற்று விடுதலையாகும். அறுத்தால் ஓரியா விழுவாள். கூடத்தில் கப்புகள் வைத்த இடத்தில் நின்றன. எலாதியோ துடைப்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். கிரிசாந்தா அம்மாளின் விரல்கள் ஜெபமாலையில் மணியில்லாத இடத்தையும் தடவிக்கொண்டிருந்தன.

“‘தெர்வோ கயிற்றில் கை வைத்தான்,’” என்று வாசித்து நெரைடா தாளைத் திருப்பினாள்.

நின்றாள்.

“ம், அப்புறம்?” என்றார் எலாதியோ.

“அப்புறம்... ‘முதற்பகுதி முற்றும்’னு போட்டிருக்கு.”

“என்ன முதற்பகுதி? இது கடைசிப் புத்தகம்தானே!”

யரெட்ஸி புத்தகத்தைப் பிடுங்கினாள். அட்டையில் ‘இறுதிப் பாகம்’ என்பதற்குக் கீழே கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டை நகத்தால் சுரண்டினாள். சின்ன எழுத்தில் இருந்தது: முதற்பகுதி.

“ரெண்டா உடைச்சிருக்கானுங்க அக்கா! என் புத்தகத்துலயும் இதே சீட்டுதான். நாங்க யாருமே முன்னாடி போய்ப் படிக்கல, மாமாவோட சேர்ந்துதான் முடிக்கணும்னு...”

முதலில் சிரித்தவர் எலாதியோ. “ஒன்பது நாள் ஆவியை உக்கார வச்சு, கடைசி ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்புல இறக்கி விட்டுட்டீங்களேடி!” கூடம் முழுக்கச் சிரிப்பு பரவியது. நெரைடாவால் சிரிக்க முடியவில்லை. தரையிலிருந்த சிலுவையைப் பார்த்தாள். முடிவைச் சொல்லாமல் அனுப்பமாட்டேன் என்று அவரிடம் சொல்லியிருந்தாள்.

யரெட்ஸி அவள் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். துரோகி என்ற கட்சியின் தலைவிக்குக் குரல் இறங்கிப்போயிருந்தது.

“அக்கா, தெர்வோ நல்லவன்னே சொல்லிடுங்க. கயித்தை இழுத்துட்டான்னு சொல்லுங்க. மாமா ஜெயிச்சதா இருக்கட்டும். ஐஸ் நான் வாங்கித் தரேன்.”

நெரைடாவுக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு தலையை ஆட்டினாள்.

“வேண்டாம்டி. குதிரை எங்கன்னு கேப்பாரு.”

கிரிசாந்தா அம்மாள் எழுந்து நின்றாள்.

“அடுத்தது எப்போ வருது?”

“அக்டோபர்ல வரும்னு கடைசிப் பக்கத்துல போட்டிருக்கு பாட்டி.”

“அக்டோபர். அப்படின்னா நவம்பர்ல வர்ற இறந்தோர் நாளுக்கு முன்னாடி.” அவள் சிலுவையின் தலைமாட்டைப் பார்த்துப் பேசினாள், பஸ்ஸில் ஏறியவரிடம் பேசுவதுபோல. “அன்னைக்கு எப்படியும் வீட்டுக்கு வரத்தானே போறாரு. வந்து சோளமாவுத் தமாலைத் தின்னுட்டுச் சும்மா போறதுக்கு, இதைக் கேட்டுட்டுப் போகட்டும். என்ன ஃபிதென்சியோ, சரிதானே?”

மெழுகுவத்தி ஒன்று படபடத்தது. கதவு திறந்திருந்ததால் இருக்கலாம்.

“ஆமென்,” என்றாள். “எலாதியோ, தூக்கு.”

எலாதியோ குனிந்தார். தலைப்பகுதி, வலக்கை, இடக்கை, கால். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு. பிள்ளைகள்தான் சத்தமாகப் பாடினார்கள். நெரைடாவும் பாடினாள். தன் குரல் உடையாமல் வருவது அவளுக்கே வியப்பாக இருந்தது.

லில்லிப் பூக்களும் பெட்டிக்குள் போயின. எலாதியோ படத்தின் முன்னாலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்தார்.

“இதையும் வச்சுடவாம்மா? கல்லறைக்கு?”

“வேண்டாம் மாமா. இங்கேயே இருக்கட்டும்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஓடினார். வாசலில் நின்ற கடைசி வண்டியில் பிள்ளைகள் தெர்வோவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே ஏறினார்கள். ஹார்ன் இரண்டு முறை கேட்டது. அப்பா அடிப்பதுபோலவே.

கிரிசாந்தா அம்மாள் மட்டும் போகவில்லை. வாழையிலையில் பொதிந்த தமால்களைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு நிலைப்படியருகே நின்றாள்.

“எனக்கு இந்தக் குளிர்ல தூக்கமே வர்றதில்ல,” என்றாள்.

“சூடா ஏதாவது தரட்டுமாம்மா?”

“அதில்ல. நான் நடுவுலேர்ந்துதானே கேட்டேன்.” அவள் தெருவைப் பார்த்தபடி சொன்னாள். “முதல் பாகம் இருக்கா?”

நெரைடா எடுத்துக்கொடுத்தாள். தமால்களுக்கு அடியில் புத்தகத்தை மறைத்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள்.

கூடத்தைப் பெருக்க ஆளில்லை, தேவையுமில்லை. சிலுவை இருந்த இடத்தில் லேசான வெளுப்பு மட்டும். நெரைடா கடைசிப் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்துப் புத்தகத்தை மூடினாள். அலமாரியில் மற்றப் பாகங்களோடு நிறுத்தினாள். அதற்கு அடுத்திருந்த மருந்துக்கடை ஃபைல்களை நகர்த்தி, தடித்த புத்தகம் ஒன்று நிற்கிற அளவுக்கு இடம் விட்டாள். மூக்குக்கண்ணாடியில் படிந்திருந்த சுண்ணாம்புத் தூளைப் பாவாடை ஓரத்தால் துடைத்து, அந்த இடத்தில் வைத்தாள்.