பாதிக் கட்டணம்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. ஈரோட்டில் சிற்றிதழ் நடத்தும் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "உங்க ஊர்ல டிவி பாக்கணும்னா வருஷா வருஷம் லைசென்ஸ் காசு கட்டணுமாமே. இந்தக் காலத்துலயும் அது தேவைதானான்னு ஒரு கட்டுரை குடுங்க." கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்:

"நம் ஊரிலும் ஒரு காலத்தில் ரேடியோவுக்குத் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டினோம் என்பதை இன்றைய இளைஞர்கள்—"

அடித்துவிட்டேன். 'இன்றைய இளைஞர்கள்' என்று எழுதிவிட்டால் கை அடுத்து அறிவுரைக்குத்தான் போகும்.

இரண்டாவது:

"பிரிட்டனில் எந்தச் சேனலை நேரலையாகப் பார்த்தாலும், பொது ஒளிபரப்பை நடத்துவதற்கான கட்டணத்தை ஒவ்வொரு வீடும்—"

இது முடிவதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். போய்த் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரி கேய்னர். "வேல், கொஞ்சம் வர்றியா? எனக்கும் ட்ரெவருக்கும் ஒரு பஞ்சாயத்து. நீ எழுதுறவன்தானே, வந்து தீர்ப்புச் சொல்லு."

"என்ன பஞ்சாயத்து?"

"டிவி லைசென்ஸ்."

நண்பரே, நான் கட்டுரைதான் எழுதிக்கொண்டிருந்தேன். பாதியில் நிற்கும் அந்த வாக்கியமே சாட்சி.

2

இவர்களை அறிமுகப்படுத்தியாக வேண்டும். ட்ரெவர் ஷெஃபீல்டில் டிராம் ஓட்டியவன். சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கிப் பார்வை போன பிறகு வேலையும் போயிற்று. அவன் மனைவி கேய்னர், பன்றி வறுவலை ரொட்டிக்குள் வைத்து ஆப்பிள் சாஸ் ஊற்றிக் கொடுக்கும் கடையில் நிற்கிறாள். இருவருக்கும் கிட்டத்தட்ட என் வயது. இந்த மேட்டுத் தெருவில் அவர்கள் வீட்டுச் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். 'அவர்' போட்டால் இருவரும் யாரைச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். அதனால் அவன், அவள்.

(ஒரு மொழிச் சிக்கல். இந்த ஷெஃபீல்டில் கடைக்காரி, பஸ் ஓட்டுநர், பல் டாக்டர் எல்லோரும் எல்லோரையும் 'அன்பே' என்ற பொருளில் ஒரு சொல்லால்தான் கூப்பிடுவார்கள். அதில் அன்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதைத் தமிழில் 'அன்பே' என்று எழுதினால் பல் டாக்டர்மேல் சந்தேகம் வரும். நான் கொங்கு நாட்டான். 'கண்ணு' என்று போட்டேன், கச்சிதமாகப் பொருந்தியது. பார்வை இல்லாத கணவனைக் கேய்னர் பக்கத்துக்குப் பக்கம் 'கண்ணு' என்று கூப்பிடுகிறாள் என்பது பிறகுதான் உறைத்தது. அழிக்கப் பார்த்தேன். மனம் வரவில்லை.)

3

பஞ்சாயத்து அவர்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. டீ வந்தது. ட்ரெவர் தன் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"இந்த வருஷம் லைசென்ஸ் வேணாங்கறேன்," என்றாள் கேய்னர். "லீட்ஸ்ல இருக்கிற எங்க பையன் கட்டறதே இல்ல. போன்ல பழைய படமாப் போட்டுப் பாத்துக்கறான். சட்டப்படி தப்பே இல்லையாம்."

"நாம கட்டறதே பாதிதான்," என்றான் ட்ரெவர். "என் கண்ணுக்காகப் பாதியைத் தள்ளிட்டாங்க. படம் இல்ல, சத்தத்துக்கு மட்டும் காசு. அதைவிட நியாயமா யார் கணக்குப் போடுவா?"

"மீதிப் படத்தை நான்தானே பாக்கறேன். எனக்குத்தான் வேணாங்கறேன், கண்ணு."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கட்டுரைக்குத் திரட்டி வைத்திருந்ததை எடுத்து விட்டேன். விளம்பரம் இல்லாத நிகழ்ச்சிகள், உள்ளூர்ச் செய்தி, எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒன்று இருப்பதன் நன்மை. மறுபக்கம், பார்க்காதவனும் கட்டுவது, ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே தொகை. "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்று முடித்தேன்.

"இதைச் சொல்லவா பக்கத்து வீட்டுல இருந்து வந்த?" என்றான் ட்ரெவர்.

கேய்னர் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நாள் பூரா கடையில, சாஸ் போடவா, வெங்காயம் போடவான்னு பேசறேன். வீட்டுக்கு வந்தா, டிவில நடக்கறதை உனக்குச் சொல்லணும், இப்ப அவ கதவைத் திறக்கறா, இப்ப அவன் மொறைக்கறான், இப்ப கார் வருது. தினமும். ஒரு சாயங்காலமாவது நான் வாயை மூடிட்டு உக்காரணும், ட்ரெவர்."

அவன் அவள் குரல் வந்த பக்கம் திரும்பினான். "இதை நேராச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, அப்ப டிவியே வேணாம்னுருவ."

"அதனால நீயே வேணாம்னு சொல்லிட்டியா?"

"ஆமா."

கட்டுரை இந்த இடத்தில் செத்தது. கட்டணம் பற்றிய சண்டை கட்டணம் பற்றியதே அல்ல என்று தெரிந்த பிறகு புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனால் கட்டுரைக்காரனுக்குத் தீர்வு சொல்லாமல் எழுந்துபோகத் தெரியாது. ரிமோட்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் வசனங்களுக்கு நடுவில் ஒரு குரல், திரையில் நடப்பதைப் பார்வையற்றவர்களுக்குச் சொல்லும். ட்ரெவருக்கு இது முன்பே தெரியும். "வீட்டுலயே ஆள் இருக்கறப்ப வாடகை ஆள் எதுக்கு" என்று ஒதுக்கி வைத்திருந்தான். இப்போது, "சரி, போடு" என்றான்.

போட்டேன். அந்த நேரம் நான் கேய்னரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

ஞாயிற்றுக்கிழமை துப்பறியும் தொடர். ட்ரெவர் என்னையும் கூப்பிட்டிருந்தான். ஒரு கடலோர ஊர், வாரம் ஒரு பிணம், எதற்கும் அசராத ஒரு இன்ஸ்பெக்டர். கேய்னர் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வழக்கமாக மறுநாள் கழுவுவாள்.

குரல் தெளிவாகச் சொன்னது: "இன்ஸ்பெக்டர் அறைக்குள் வருகிறார். நாற்காலியில் அமர்கிறார். எதிரே மருத்துவர். மேசையில் ஒரு கோப்பு."

ட்ரெவர் காத்திருந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "நாய் எங்க?" என்றான்.

"எந்த நாய்?"

"மேசைக்கு அடியில படுத்திருக்குமே. பழுப்பு நாய். ஒரு காது கிழிஞ்சிருக்கும்."

நான் திரையைப் பார்த்தேன். மேசைக்கு அடியில் இன்ஸ்பெக்டரின் கால்கள் இருந்தன.

அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

[அந்த நாயைப் பற்றி ட்ரெவர் முன்பே என்னிடம் சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவு வந்தது. விசாரணை அறைக்கு யார் வந்தாலும் அது தூங்கும். ஒருவனைப் பார்த்து மட்டும் எழுந்து நிற்கும், அவன்தான் கொலைகாரன். இதை வைத்தே இன்ஸ்பெக்டருக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவேன் என்பான். அந்தத் தொடரை நான் பார்த்ததில்லை. நல்ல உத்தி என்று பாராட்டியிருக்கிறேன்.]

"கேய்னர்," என்று கூப்பிட்டான். "நாய் செத்துப்போச்சா?"

அவள் ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். "நாயே கிடையாது, கண்ணு."

5

இந்த இடத்தில் கதாசிரியனுக்கு ஆசை வந்தது. ஒரு வடிவத்தில் ட்ரெவர் விழுந்து விழுந்து சிரிக்கிறான். இன்னொன்றில் டீக்கோப்பை சுவரில் மோதுகிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். "அவன் முகம் இருண்டது, ஒன்பது ஆண்டு இருளைவிட—" சீ. அடித்தாயிற்று.

நடந்தது இதுதான். அவன் நிதானமாக விசாரித்தான், இன்ஸ்பெக்டரைப் போல.

"எப்ப ஆரம்பிச்ச?"

"முதல் வருஷமே. அந்த ஆளு சும்மா உக்காந்தே இருப்பான். உனக்கு என்னத்தைச் சொல்றது? ஒரு நாய் போட்டேன். நீ சிரிச்ச. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்ச."

"கொலைகாரனைப் பாத்து எழுந்துக்குமே?"

"நான் ஊகிச்சதுதான். சில தடவை தப்பாவும் எழுந்துச்சு."

"வானிலை சொல்றவன் போடற டை?"

"அதுவும் நான்தான்."

"அந்த இன்னொரு தொடர்ல, புருஷனை விட்டுட்டு ஒருத்தி போனாளே. வாசல்ல நின்னு ஒரு தடவை திரும்பிப் பாத்தான்னு சொன்னியே."

கேய்னர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "பாக்கல. நேராப் போய்ட்டா."

ட்ரெவர் தலையை ஆட்டினான். "அப்ப ஒன்பது வருஷமா நான் எதைப் பாத்தேன்?"

டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

6

அதற்குப் பிறகு ட்ரெவர் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு வாடகைக் குரலோடு தனியாக டிவி கேட்டான். கேய்னருக்கு அவள் கேட்ட சாயங்காலங்கள் கிடைத்தன. புதன்கிழமை ஒரு பாட்டுக் குழுவில் சேர்ந்தாள். மற்ற நாட்களில் என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள்.

"திடீர்னு சிரிக்கறான். எதுக்குன்னு எனக்குத் தெரியல," என்றாள். "கேட்டா, ஒண்ணுமில்லைங்கறான்."

"வாயை மூடிட்டு உக்காரணும்னு நீதானே கேட்ட?"

"என் வாயை மூடணும்னுதான் கேட்டேன். அவன் வாயை இல்ல."

ஒரு வாரம் கழித்து ட்ரெவரே வந்தான். தனியாக, சுவரைத் தடவிக்கொண்டு, குச்சியில்லாமல். உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டு வாசக்கதவு என்ன நிறம்?"

போன கோடையில் கேய்னர் பெயிண்ட் அடித்தாள். ட்ரெவர் பச்சை கேட்டிருந்தான். கடையில் பச்சை தீர்ந்துபோய்ச் சாம்பல் நிறம்தான் கிடைத்தது. வாளியோடு நின்றவளை நான் பார்த்திருக்கிறேன். பச்சை என்றுதான் அவனிடம் சொல்லியிருப்பாள்.

இதற்கு நிஜம் சொல்வது எவ்வளவு சுலபம் என்று வாசகர் நினைக்கலாம். நினையுங்கள்.

"பச்சை," என்றேன்.

"தபால்காரர் சாம்பல்ங்கறாரே."

நான் டீ வைக்க எழுந்தேன்.

"பரவால்ல. நான் கதவுக்காகக் கேக்கல. பார்வை இருக்கறவங்க எல்லாருமே இப்படித்தானான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

"அந்தக் குரல்காரன் தப்பே பண்றதில்ல, வேல். 'அவள் வெளியேறுகிறாள்'ங்கறான், சரி. ஆனா அவ போனதுல அவனுக்கு ஒண்ணுமே இல்ல. நம்ம கேய்னர் சொன்னா அவளுக்கே தொண்டை அடைக்கும்." காலை நீட்டிக்கொண்டான். "அந்தப் பொண்ணு திரும்பிப் பாக்கலைங்கறது எனக்கு அப்பவே தெரியும். காலடிச் சத்தம் ஒரு இடத்துலகூட நிக்கல. எனக்கு அப்பத்தான் கண்ணு போயிருந்துச்சு. கேய்னரும் போயிடுவாளோன்னு தினமும் பயம். அவ ஏன் அப்படி மாத்திச் சொன்னாங்கறது எனக்குப் போதுமா இருந்துச்சு."

"அப்புறம் என்ன கோபம்?"

"நாயை நம்பிட்டேன்யா," என்றான் ட்ரெவர்.

7

சமாதானம் எப்படி ஆயிற்று என்பதை நான் பார்க்கவில்லை. பொதுச்சுவரில் காதை வைத்தேன் என்று எழுதலாம், வைக்கவில்லை. (வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.) அடுத்த ஞாயிறு கூப்பிட்டார்கள். ஒப்பந்தம் தயாராக இருந்தது.

கேய்னர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொல்வாள். மற்ற நாள் வாடகைக் குரல் பேசும். அவள் காலை நீட்டிக்கொண்டு சும்மா இருப்பாள். ஞாயிறன்றும் ட்ரெவர் ஒரு காதில் கருவியை மாட்டிக்கொள்வான். இன்னொரு காது அவளுக்கு.

"இது பரீட்சை மாதிரி இருக்கு," என்று முனகிவிட்டு ஆரம்பித்தாள். "சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு கிழவி, படகுத்துறையில தனியா நிக்கறா."

"கறுப்புக் கோட்டுங்கறான்."

"என் கடல்ல சிவப்பு."

"தனியாவும் இல்லையாம். பக்கத்துல ஒரு மீன்காரன் நிக்கறானாம்."

"அவன் பேசறானா?"

"இல்ல."

"அப்ப அவ தனியாத்தான் நிக்கறா, கண்ணு."

ட்ரெவர் யோசித்தான். "சரி. மேல சொல்லு."

8

மாதக் கடைசியில் லைசென்ஸ் முடிகிறது. நண்பர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். கட்டுரை கதையாகிவிட்டது, முடிவு மட்டும் பாக்கி என்று சொல்லிவிட்டு, முடிவு கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. டிவி அணைந்திருந்தது.

பார்த்தால் இருவரும் கட்சி மாறியிருந்தார்கள்.

"இவ சொல்ற கதைக்குப் படமே தேவையில்ல," என்றான் ட்ரெவர். "பாதியும் தண்டம். நிறுத்திடலாம்."

"படம் இல்லாம நான் எதை மாத்தறது?" என்றாள் கேய்னர். "நிஜம்னு ஒண்ணு அங்க ஓடிட்டு இருந்தாத்தானே? கட்டணும்."

"ரெண்டு பக்கமும்—" என்று தொடங்கினேன்.

"வேணாம்," என்றார்கள் இருவரும்.

"எனக்கு ஒரு முடிவு வேணும். ஊர்ல பத்திரிகை அச்சுக்குப் போகுது."

ட்ரெவர் மனைவி பக்கம் சாய்ந்தான். "இவன் இப்ப எப்படி உக்காந்திருக்கான்? சொல்லு."

கேய்னர் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் என்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் அவன் காதருகே குனிந்து சொல்லத் தொடங்கினாள், எனக்குக் கேட்காதபடி. சின்ன விவரணை இல்லை; நிறுத்தி நிறுத்தி, நடுவில் மறுபடி என்னைப் பார்த்து, வெகுநேரம் சொன்னாள். "நிஜமாவா?" என்று ட்ரெவர் ஒரு தடவை கேட்டான். அவள் பதில் சொல்லாமல் மேலே சொல்லிக்கொண்டு போனாள். அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது.

என்ன சொன்னாய் என்று கேட்டேன். இருவரும் சொல்லவில்லை. கட்டுவீர்களா என்று கேட்டேன். அதையும் சொல்லவில்லை.

ஆகவே வாசகரே, அந்த நாற்காலியில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு என்ன சட்டை போட்டாலும் சரி. எழுதிய பிறகு, அந்த வீட்டுக்குக் கட்டணம் தேவையா இல்லையா என்பதையும் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் எழுந்து வந்தபோது கேய்னர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.