கழுவினால் போகாதது

பேராசிரியர் நோட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். பக்கத்தின் அடியில் அவரே எழுதியிருந்தார்: 'தயாரிப்பில் மாசு. கவனக்குறைவு.' அதன் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"போடுங்க. திங்கக்கிழமை கூட்டத்துல காரணம் கேப்பாங்க."

பதினோரு வருடமாக அந்த ஆய்வகத்தில் புரதங்களைப் பிரித்தெடுத்துக் கொடுப்பவள் அவள். மாணவர்கள் வருவார்கள், பட்டம் வாங்கிக்கொண்டு போவார்கள். எல்லோருக்கும் அவள் அக்கா. இந்த முறை கைக்கு வந்தது பாக்டீரியாவின் சின்னஞ்சிறு புரதம் ஒன்று. ஒரே மாதிரி ஆறு துண்டுகள் கைகோத்து வளையமாக நிற்கும். நெருக்கடி வரும்போது குட்டி ஆர்.என்.ஏ. ஒன்றை வளையத்தின் ஒரு முகத்திலும், செய்தி சுமக்கும் நீள ஆர்.என்.ஏ.வை மறுமுகத்திலும் பிடித்து இரண்டையும் சேர்த்துவைக்கும். எந்தச் செய்தி வேலைக்குப் போகலாம், எது போகக்கூடாது என்பது அங்கே முடிவாகிவிடும். பேராசிரியருக்கு வேண்டியதோ வெறும் வளையம். அதைப் படிகமாக்கி உருவம் பார்க்க வேண்டும். ஐந்து மாதமாகப் படிகம் வரவில்லை. அவள் கொடுத்த நான்கு தயாரிப்புகளிலும் ஆர்.என்.ஏ. ஒட்டிக்கொண்டே வந்தது. ஒட்டியதைப் பிரிக்க உப்பைக் கூட்டிக் கழுவினாள், இன்னும் கூட்டினாள். போவேனா என்றது.

"திங்கக்கிழமை காலைல சொல்றேன் சார்," என்று நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் கணவன் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுல்ல? ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன்."

"தப்பு பண்ணியிருந்தா அங்கயே போட்டிருப்பேன்."

"அப்ப போடாத," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்க எழுந்து போனான்.

அடுத்த மூன்று நாளும் ஆய்வகத்தில்தான் இருந்தாள். இரண்டு குடுவைகளில் பாக்டீரியா வளர்த்தாள். ஒன்றில் அந்தப் புரதம் உண்டு, மற்றதில் இல்லை. இரண்டிலும் வளர்ந்த பாக்டீரியாவை உடைத்து, ஒரே உப்பில், ஒரே எண்ணிக்கையில் கழுவினாள். கடைசியில் மிஞ்சியதை, ஆர்.என்.ஏ.க்களை நீளவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் ஜெல்லில் ஓட்டினாள். பக்கத்திலேயே பழைய தயாரிப்புகள் நான்கையும் ஓட்டினாள். ஒருவேளை அவர் சொன்னதே சரியாக இருந்தால்? இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடலாம், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திங்கள் காலை அவரை விளக்கறைக்கு அழைத்தாள். புற ஊதா விளக்கின் மேல் ஜெல் கிடந்தது.

"இது புரதம் இருந்த குடுவை. மூணு கோடு. இது புரதம் இல்லாதது, ஒண்ணுமே இல்ல. என் கை அழுக்குன்னா ரெண்டுலயும் வந்திருக்கணும்ல சார்?"

"சிதைஞ்சுபோன ஆர்.என்.ஏ.வா இருக்கும்."

"சிதைஞ்சதுன்னா இழுவின மாதிரி தெரியும். இது நறுக்குனு நிக்குது. பழைய நாலுலயும் அதே மூணு கோடு, அதே எடத்துல. பிடிக்கிறதுதான் அதோட வேலை. பிடிச்சிருக்கு. அத விடலங்கிறதுக்கு நான் எப்படி சார் கையெழுத்துப் போடுறது?"

"உங்க ஒப்பந்தம் யார் கையில இருக்குன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

நோட்டை விரித்துக் காட்டினாள். அவர் எழுதியதை அவள் அடிக்கவில்லை. அதன் கீழே, அவர் விட்ட இடத்தில், தன் குண்டு எழுத்தில் எழுதியிருந்தாள்: 'மாசு அல்ல. மூன்று ஆர்.என்.ஏ.க்கள். எவை என்று பார்க்க வேண்டும்.' தேதி. கையெழுத்து.

வெளியே கூட்டத்துக்கு நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. யாரோ கதவைத் தட்டி "சார்" என்றார்கள். அவர் திரும்பாமல் விளக்கை நோக்கிக் குனிந்தார்.

"முகத்தடுப்ப மாட்டிக்கோங்க. கண்ணு போயிடும்," என்றாள்.

அவர் மாட்டிக்கொண்டார். முகத்தை மூடிய பிளாஸ்டிக் தகட்டில், அவர் குனியக் குனிய, மூன்று ஆரஞ்சுக் கோடுகள் பெரிதாகிக்கொண்டே வந்தன.