நூலகருக்குப் பின்னால் இருந்த மங்கல்

தனேஸ்வரியின் முதுகுக்குப் பின்னால் உலகம் மங்கிப்போயிருந்ததை முதலில் கண்டுபிடித்தவர்கள் பத்தாங் பெர்ஜுந்தாய் சந்தைக்காரர்கள். அன்று கெம்போங் மீன் மலிவு. அவள் குனிந்து மீன் பொறுக்கிக்கொண்டிருக்க, அவளுக்குப் பின்னால் இருந்த காய்கறிக் கடையும் தராசும் கடைக்காரரும் மழை வழியும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் குழம்பிக் கிடந்தார்கள். வெண்டைக்காய் வாங்க வந்தவர்கள் மிளகாயை வாங்கிப் போனார்கள். அவள் மீனோடு நகர்ந்ததும் கடை தெளிந்தது. "இனிமே எனக்கு முதுகு காட்டாத தாயி, யாவாரம் கெட்டுப்போவுது" என்றார் காய்கறிக்காரர். அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை.

காரணம் சாதாரணமானது. தனேஸ்வரி கோலசிலாங்கூரில் கடைவீதி மாடியில் இயங்கும் ஒரு தனியார் கல்லூரியின் நூலகர். நூலகம் இருந்த தளத்தை, குருவி வளர்த்து அதன் கூட்டைச் சூப்புக்கு விற்கும் பறவைக்கூடு வியாபாரி ஒருவர் நல்ல வாடகைக்குக் கேட்டார். கல்லூரி கொடுத்துவிட்டது. புத்தகங்கள் பெட்டிக்குள் போயின, அலமாரிகளில் குருவிகள் குடியேறின, தனேஸ்வரியை மெய்நிகர் நூலகர் என்று பெயர் சூட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு பாடத்தின் இணைய வகுப்பிலும் அவள் திரையின் ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தக் கட்டுரை எங்கே கிடைக்கும், எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் அகப்படும், எடுத்ததை எங்கிருந்து எடுத்தோம் என்று எப்படி எழுதுவது என்றெல்லாம் மாணவர்கள் கேட்பார்கள், அவள் சொல்ல வேண்டும். அவளுடைய வீடு எஸ்டேட்டின் பழைய தொழிலாளர் லயத்தில் இருந்தது. அங்கே இணையம் முன்கூடத்தின் ஒரு மூலையில் மட்டும்தான் வந்து இறங்கும். அந்த மூலைக்கு நேர் பின்னால் அவளுடைய அம்மா காளியம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. காளியம்மா அதிலிருந்து நகர்வதில்லை.

முதல் வகுப்பில் தனேஸ்வரி வணக்கம் சொல்லும்போது, பின்னால் காளியம்மா நெத்திலித் தலையைக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தாள். மாணவர்கள் சிரித்தார்கள். ஆய்வுமுறைப் பாடம் நடத்திய விரிவுரையாளர் சேதுவுக்குத் தன் வகுப்பில் நூலகர் இருப்பதே பிடிக்காது. நிர்வாகம் அனுப்பிய உளவாளி என்பது அவர் எண்ணம். "மிஸ், இது காலேஜ் லா, கம்பத்துப் பட்டிக்காடு இல்ல. பின்னால இருக்கறத மொதல்ல மறைங்க" என்றார் எல்லோர் முன்னாலும். முகம் சிவக்கத் தனேஸ்வரி பின்னணியை மங்கலாக்கும் பொத்தானை அழுத்தினாள். வகுப்பு முடிந்து கணினியை மூடினாள். மங்கல் மூடவில்லை. அவளோடு எழுந்து சமையலறைக்குப் போனது.

ஊர் இதைப் பொறுத்துக்கொண்டது என்று சொன்னால் பொய். சாப்பாட்டுக் கடை ஹாஜா அவளைச் சுவரோடு ஒட்டி உட்காரச் சொன்னார், சுவர் மங்கினால் தமக்கு நஷ்டமில்லை என்று. கோயிலில் அம்மனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அம்மன் எப்போதும் அவளுக்கு முன்னால்தான் இருந்தாள். ஆனால் அவளுக்குப் பின்னால் நின்று வேண்டிக்கொண்டவர்களை அம்மனுக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. ஒருத்திக்குக் கிடைக்கவேண்டிய மாப்பிள்ளை இன்னொருத்திக்கு அமைந்ததாகப் புகார் வந்தது. கோயில் தலைவர் நல்லசாமி கூட்டம் போட்டு, தனேஸ்வரி கடைசி வரிசையில் நிற்க வேண்டும் என்று தீர்மானித்தார். அவள் நின்றாள்.

மற்றவை அவள் விலகியதும் தெளிந்தன. காளியம்மா தெளியவில்லை. ஒரு வகுப்பு பாக்கியில்லாமல் அத்தனையிலும் பின்னால் உட்கார்ந்திருந்த மனுஷி அவள். முதலில் கொண்டை கரைந்தது, பிறகு காது, கடைசியில் மூக்கும் வாயும். காளியம்மாவுக்கு உடம்பில் ஒரு குறையுமில்லை. ஆனால் அவளுடைய வாழ்க்கை சண்டை. அடுத்த வீட்டுக் கண்மணியோடு சாக்கடைத் தண்ணீர் விஷயமாக, எஸ்டேட்டில் ரப்பர் இருந்த காலத்தில் தொடங்கி, செம்பனை வந்த பிறகும் விடாமல் நடத்திவந்தாள். ஒருநாள் வாசலில் நின்று அவள் ஆரம்பித்தபோது கண்மணி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"யாருடி அது? மூஞ்சியக் காட்டிட்டுப் பேசு. மூஞ்சியில்லாதவ கூடல்லாம் எனக்கு என்ன பேச்சு?"

கதவு சாத்தப்பட்டது. காளியம்மா அத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பதில் சொல்லாமல் திரும்பினாள். அதன் பிறகு அவள் திட்டினால் நாய்கூட நின்று கேட்கவில்லை.

"ஒன் வேலைக்காக என் மூஞ்சிய அழிச்சிட்டியேடி" என்றாள் மகளிடம்.

"நாற்காலிய அந்தப் பக்கம் போடுங்கன்னு எத்தன வாட்டி சொன்னேன்மா?"

"நான் ஏன் போடணும்? நீ வெளங்காத பசங்களுக்குப் பாடம் சொல்ல நான் எடத்த விடணுமா? அந்த மங்கல எடுடி."

தனேஸ்வரி பொத்தானை எத்தனையோ முறை அழுத்திப் பார்த்தாள், அது அசையவில்லை. சேதுவிடம் கேட்டாள். மங்கல் போனால் வகுப்பிலிருந்து அவளும் போகலாம் என்று எழுதி அனுப்பினார். அதைக் காளியம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

அடுத்த வகுப்பு தொடங்கியதும் காளியம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மகளுக்கும் கணினிக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். முன்னால் இருப்பதெல்லாம் தெளிவாக இருக்கும் என்பதுதானே அந்தப் பொத்தானின் நியாயம். காளியம்மாவின் முகம் திரும்பி வந்தது. சுருக்கம் சுருக்கமாக, மூக்குத்தித் திருகாணியோடு, திரை நிறைய வந்தது. ஷர்வின் என்ற மாணவன் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"மேடம், அசைன்மெண்டுக்கு ஆர்டிக்கல் வேணும் லா. சீக்கிரம் அனுப்புங்க."

"நீ எங்கடா தேடுன?"

"தேடல…"

"தேடாம என்னத்தடா கேக்கற? சோறு ஊட்டி விடணுமா? போயித் தேடிட்டு வா."

"யார் இவங்க?" என்றார் சேது.

"மொதல்ல நீ யாருடா?" என்றாள் காளியம்மா.

சேது அவளை வகுப்பிலிருந்து நீக்கும் பொத்தானை அழுத்தினார். வெளியே போனது சேது. திரும்பத் திரும்ப உள்ளே வந்து அழுத்தினார், திரும்பத் திரும்ப அவரே போனார். கடைசியில் அழுத்துவதை விட்டார்.

அப்படியே வருஷங்கள் ஓடின. மாணவன் கேட்பான். பின்னாலிருந்து தனேஸ்வரி தாழ்ந்த குரலில் விடை சொல்வாள்: இந்தத் தரவுத்தளம், இந்தச் சொல், இந்த ஆண்டுக்குப் பிறகு வந்தவை மட்டும். காளியம்மா அதைப் பாதி தப்பாகவும் வசவோடும் ஒப்பிப்பாள். பொய் மேற்கோள் எழுதியவனுடைய அப்பன் பாட்டன் வரை போய்வருவாள். கல்லூரிக்குப் புகார் மேல் புகார் போனது. ஆனால் திட்டு வாங்கப் பயந்து எல்லோரும் தேடிவிட்டே கேட்டார்கள், ஆகவே தேறினார்கள், ஆகவே நிர்வாகம் புகார்களைப் பெட்டிக்குள் இருந்த புத்தகங்களோடு சேர்த்து வைத்தது. சாக்கடைச் சண்டையும் மறுபடி தொடங்கியது. சண்டையில்லாமல் ஆள் மெலிந்துபோயிருந்த கண்மணி தேறிவிட்டாள்.

தனேஸ்வரிக்கு முதலில் கொண்டை கரைந்தது. கண்ணாடி பார்த்தபோது தெரிந்துகொண்டாள். காதும் போன பிறகு அம்மாவை இடம் மாறச் சொல்லிக் கேட்டாள். காளியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்கு ஒரு முகம்தான் என்று ஆகியிருந்தது, அதைக் கையில் வைத்திருந்தவள் விடுவதாக இல்லை. இப்போது சந்தையில் தனேஸ்வரிக்குப் பின்னால் எல்லாம் தெளிவாக இருந்தது. அவளைத்தான் காணவில்லை. காய்கறிக்காரருக்கு நிம்மதி.

பட்டமளிப்பு கோலசிலாங்கூர் மண்டபம் ஒன்றில் நடந்தது. நூலகருக்கும் அழைப்பு வந்தது. காளியம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய் மாலைக்குக் கழுத்தை நீட்டினாள், தனேஸ்வரி அவளுக்குப் பின்னால் நின்றாள். படம் எடுத்தவர் பார்த்துவிட்டு, பின்னால் ஏதோ கறை விழுந்திருக்கிறது, இன்னொன்று எடுக்கலாம் என்றார்.

"வேணாண்ணே, அப்படியே வைங்க" என்றான் ஷர்வின். "அதான் எங்க லைப்ரரியன் மேடம்."

"அப்ப நான் யாருடா?" என்றாள் காளியம்மா.

"நீங்க முன்னால ஒக்காந்திருக்கறவங்க, பாட்டி."

காளியம்மா அவனைத் திட்டினாள். மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்னால் நின்ற மங்கல் சிரித்தது என்று முதல் வரிசையில் இருந்தவர்கள் சொல்கிறார்கள், எதை வைத்துச் சொல்கிறார்களோ.

அந்தப் படம் கல்லூரி அலுவலகத்தில் தொங்குகிறது. தூசி துடைக்கும் பெண் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஓரத்தை மட்டும் அழுத்தித் துடைத்துப் பார்த்தாள். இப்போது துடைப்பதில்லை. காலையில் வந்ததும் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டு வாளியை எடுக்கிறாள்.